குழந்தையின் காயம் சொல்லும் கதை: யார் இந்த டாக்டர் கெம்பே? சென்னைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

வெள்ளகோவில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி ஒன்பது மணி. ஓர் இளம் தம்பதி நாலு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். இருவரும் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள். தொட்டிலில் இருந்து விழுந்துட்டானுங்க டாக்டர் என்கிறார் அப்பா. எக்ஸ்ரேவில் தொடை எலும்பு முறிந்திருப்பது தெரிகிறது. கூடவே விலா எலும்பில், ஏற்கெனவே முறிந்து ஒட்டத் தொடங்கிய பழைய முறிவு ஒன்றும் இருக்கிறது.

பணியில் இருப்பவர் போன வருடம்தான் எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர். அந்தப் பழைய முறிவைப் பற்றிக் கேட்கலாமா? கேட்டால் சண்டைக்கு வருவார்களோ? தப்பாக நினைத்துவிட்டால்? கட்டுப் போட்டு, கோவைக்கோ ஈரோட்டுக்கோ போங்க என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

கேட்பதா, விட்டுவிடுவதா என்ற இந்தத் தடுமாற்றத்தை மருத்துவ உலகம் நேருக்கு நேர் பார்க்க வைத்தவர் ஹென்றி கெம்பே. குழந்தைகள் மீதான வன்முறையைக் கண்டுபிடிக்க டாக்டர்களுக்குப் பயிற்சி தேவை என்று சொல்லி, அதற்கு வழியும் அமைத்துக் கொடுத்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு.

அகதியாக வந்த பையன்

1922 ஏப்ரல் 6 அன்று, அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் கெம்பே. இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது, பெயர் விரோத்ஸ்வாஃப். பெற்றோர் வைத்த பெயர் கார்ல் ஹெய்ன்ஸ். நாஜிகளின் கொடுமை முற்றியபோது, பதின்ம வயதிலேயே சொந்த நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு சார்லஸ் ஹென்றி ஆனார்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்து 1945-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ராணுவத்தில் வைரஸ் ஆராய்ச்சி, யேல் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பயிற்சி. அங்கே சந்தித்த டாக்டர் ரூத்தைத் திருமணம் செய்துகொண்டார். ஐந்து பெண் குழந்தைகள். பின்னாளில் மனநல மருத்துவம் படித்த ரூத், கணவரின் குழந்தைப் பாதுகாப்பு வேலையிலும் கூட்டாளி ஆனார்.

பெரியம்மையும் தண்டையார்பேட்டையும்

கெம்பே முதலில் பேர் வாங்கியது பெரியம்மை ஆராய்ச்சியில். அம்மைத் தடுப்பூசியால் சில குழந்தைகளுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும். தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்தில் இருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தைக் கொடுத்தால் அவர்களைக் காப்பாற்றலாம் என்று அவர் காட்டினார். அதே மருந்து, அம்மை வந்தவர் வீட்டில் இருக்கும் மற்றவர்களைக் காப்பாற்றுமா என்பது அடுத்த கேள்வி.

அதற்கு விடை தேட, பெரியம்மை நிஜமாகவே பரவிக்கொண்டிருந்த ஓர் ஊர் வேண்டும். அந்த ஊர் மதராஸ். தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரியில், நம் ஊர் டாக்டர்களோடு சேர்ந்து கெம்பேயின் குழு ஆய்வு நடத்தியது. நோயாளிகளின் வீட்டில் இருந்தவர்களில் 326 பேருக்குத் தடுப்பூசியோடு அந்த மருந்தும் கொடுக்கப்பட்டது. அவர்களில் 5 பேருக்கு மட்டும் அம்மை வந்தது. தடுப்பூசி மட்டும் போட்ட 379 பேரில் 21 பேருக்கு வந்தது. 1961-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இந்த முடிவுகள் வெளியாயின.

இன்னொரு விஷயம். 1965-ல், அமெரிக்காவில் எல்லாக் குழந்தைகளுக்கும் அம்மைத் தடுப்பூசி போடுவதை நிறுத்தலாம் என்று வெளிப்படையாக வாதாடினார். அங்கே நோயே இல்லை. ஊசியின் பக்கவிளைவால்தான் குழந்தைகள் சாகிறார்கள் என்பது அவர் கணக்கு. சக டாக்டர்கள் பலர் கோபப்பட்டார்கள். சில வருடங்களில் அரசே அந்த முடிவுக்கு வந்தது. எல்லோரும் பார்க்கத் தயங்கும் உண்மையைச் சபையில் எடுத்து வைப்பது அவருக்குப் பழக்கம்.

டென்வரில் கண்ட அதிர்ச்சி

1956-ல், 34 வயதிலேயே கொலராடோ பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவத் துறைக்குத் தலைவர் ஆனார் கெம்பே. டென்வர் நகரில் வேலை. வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது ஒரு விஷயம் அவரை உறுத்தியது.

உடம்பெல்லாம் கன்னிப்போன குழந்தைகள் வந்தார்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டிய கைக்குழந்தைகள் வந்தார்கள். பயிற்சி டாக்டர்கள் கேஸ் ஷீட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? காரணம் தெரியாத ரத்தக்கட்டு, தானாக ஏற்பட்ட மூளை ரத்தக்கசிவு, அபூர்வமான எலும்பு நோய். யாரோ அடித்திருக்கலாம் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் வரவே இல்லை.

அவர்கள் படிக்காதவர்கள் இல்லை. அறிவு குறைந்தவர்களும் இல்லை. பெற்ற தாய் தகப்பன் இப்படிச் செய்வார்களா என்று நம்ப மனசு வரவில்லை. முதலில் இதைப் பாடத்தில் விட்ட ஓட்டையாகத்தான் கெம்பே பார்த்தார். அது மனதின் தயக்கம் என்பது போகப் போகத்தான் புரிந்தது. தயக்கத்தைப் புத்தகம் கொடுத்துப் போக்க முடியாது. கூடவே நின்று பழக்க வேண்டும். 1958-ல் குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் எல்லோரும் சேர்ந்து உட்காரும் குழந்தைப் பாதுகாப்புக் குழுவை ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஆரம்பித்தார்.

இதற்கு முன் யாருமே கவனிக்கவில்லையா?

கவனித்தார்கள். பாரிஸின் தடய மருத்துவர் அம்ப்ரோஸ் டார்டியூ, 1860-லேயே கொடுமைக்கு ஆளான 32 குழந்தைகளைப் பற்றி எழுதினார்; அதில் 18 பேர் இறந்துபோயிருந்தார்கள். மருத்துவ உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1946-ல் அமெரிக்க எக்ஸ்ரே நிபுணர் ஜான் காஃபி, மண்டைக்குள் ரத்தம் கட்டிய ஆறு கைக்குழந்தைகளின் கை, கால் எலும்புகளில் 23 முறிவுகள் இருப்பதைக் காட்டினார். காரணம் என்ன என்பதை அழுத்திச் சொல்லவில்லை.

சான்று இருந்தது, ஆனால் அதற்குப் பேர் இல்லை. பேர் இல்லாத நோயை யாரும் கேஸ் ஷீட்டில் எழுத மாட்டார்கள் இல்லையா?

1962: ஒரு கட்டுரை, ஒரு பேர்

கெம்பேயும் நான்கு சக மருத்துவர்களும் சேர்ந்து அமெரிக்கா முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். 71 ஆஸ்பத்திரிகள் பதில் அனுப்பின. ஒரே வருடத்தில் 302 குழந்தைகள். 33 பேர் மரணம். 85 பேருக்கு நிரந்தர மூளைப் பாதிப்பு. 1962 ஜூலை 7 அன்று அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பு 'பேட்டர்டு சைல்டு சிண்ட்ரோம்'. அடித்து நொறுக்கப்பட்ட குழந்தையின் அறிகுறித் தொகுப்பு என்று தமிழில் சொல்லலாம். கேட்டவுடன் திடுக்கிட வைக்கும் பேர். டாக்டர்கள் இனி பார்க்காத மாதிரி கடந்து போக முடியாமல் செய்ததும் அந்தப் பேர்தான்.

எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும் என்பதையும் கட்டுரை சொன்னது. முக்கியமானவை நான்கு:

• பெற்றோர் சொல்லும் கதையும் காயமும் பொருந்தவில்லை.
• எக்ஸ்ரேவில் பழசும் புதுசுமாக, வெவ்வேறு நாளில் ஏற்பட்ட முறிவுகள் தெரிகின்றன.
• விளக்கம் கிடைக்காத மண்டை ரத்தக்கட்டு இருக்கிறது.
• ஆஸ்பத்திரியில் இருக்கும் வரை புதுக் காயம் எதுவும் வரவில்லை.

ஏழை வீட்டில்தான் இது நடக்கும் என்ற நினைப்பையும் கட்டுரை உடைத்தது. படித்த, வசதியான குடும்பங்களிலும் நடக்கிறது என்று எச்சரித்தது. டாக்டர் தன்னைப் போன்றவர்களைச் சந்தேகப்படத் தயங்குவார். அந்தத் தயக்கம்தான் சில குழந்தைகளின் உயிரை வாங்குகிறது.

விளைவு வேகமாக வந்தது. 1963 முதல் 1967-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும், இப்படிப்பட்ட சந்தேகத்தைப் புகாராகத் தெரிவிப்பதற்குச் சட்டம் போட்டன. 1974-ல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது.

தண்டனையா, சிகிச்சையா?

குழந்தையை அடித்தவரைப் பிடித்து உள்ளே போடுவது மட்டும் கெம்பேயின் நோக்கமாக இருக்கவில்லை. அப்படி அடிக்கும் பெற்றோரில் பலர் சின்ன வயதில் தாங்களே அடி வாங்கி வளர்ந்தவர்கள் என்பதை அவரும் மனநல மருத்துவர் பிராண்ட் ஸ்டீலும் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைத் திருத்த முடியும் என்று நம்பினார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு நர்ஸ் போய்ப் பார்த்து, களைத்துப்போன தாய்க்குத் துணையாக இருந்தால் பாதிப் பிரச்சினை வராது என்பது கெம்பேயின் கட்சி. 1972-ல் டென்வரில் தேசிய மையம் ஒன்றைத் தொடங்கினார். டாக்டர், போலீஸ், வக்கீல், சமூகப் பணியாளர் எல்லோருக்கும் அங்கே பயிற்சி. இன்று அது கெம்பே மையம்.

1977-ல் குழந்தை மருத்துவர்கள் முன் ஆற்றிய உரையில், இன்னொரு மூடிய கதவைத் திறந்தார். அது குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை. அடிபட்ட குழந்தையை எப்படிப் பார்க்காமல் விட்டோமோ, அப்படியேதான் இதையும் விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உரையின் சாரம்.

அவர் மீது விமர்சனங்களும் உண்டு. கொடுமையை ஒரு நோய் மாதிரி பேசியதால் வறுமை, வீட்டுக்குள் பெண்கள் படும் வன்முறை போன்ற காரணங்கள் பின்னுக்குப் போயின என்பது ஒன்று. கட்டாயப் புகார்ச் சட்டங்களால் புகார்கள் குவிந்தன. விசாரிக்கவும் உதவவும் ஆள் அந்த அளவுக்கு இல்லை என்பது இன்னொன்று. 1984 மார்ச் 8 அன்று ஹவாயில் கெம்பே காலமானார். வயது 61.

இங்கே நிலைமை என்ன?

மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. மூன்றில் இரண்டு பேர் அடி, உதை போன்ற உடல் கொடுமையை அனுபவித்திருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள்.

2012-ல் போக்சோ சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால், நடக்கலாம் என்று தோன்றினாலும், யாராக இருந்தாலும் போலீஸில் சொல்லியாக வேண்டும். டாக்டருக்கும் விலக்கு இல்லை. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. எஃப்.ஐ.ஆர். போடும் வரை மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டது பெண் குழந்தை என்றால் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும்; பெற்றோரோ, குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும்.

பாடத்திட்டமும் இதில் ஒரு சிக்கல். கெம்பே வைத்த பேர் இங்குள்ள தடய மருத்துவப் பாடத்தில் இருக்கிறது. மாணவர்கள் அதைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். இன்னொரு பக்கம், அறிவியல் அடிப்படையே இல்லாத 'இரு விரல் பரிசோதனை'யும் வெகுகாலம் ஒழியாமல் இருந்தது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்கச் சொன்னது. அதே வருடம் அக்டோபரில், மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தையே மறுஆய்வு செய்யும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எதைக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பதை ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பவும் அந்த ராத்திரி

இப்போது வெள்ளகோவில் டாக்டரிடம் வருவோம். பயிற்சி பெற்றவர் என்றால் என்ன செய்வார்?

சத்தம் போட மாட்டார். குற்றம் சாட்டவும் மாட்டார். எப்போது விழுந்தான், எவ்வளவு உயரம், யார் பார்த்தது, ஏன் இவ்வளவு நேரம் ஆச்சு என்று நிதானமாகக் கேட்பார். அப்பாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்பார். நாலு மாதக் குழந்தை தானாகப் புரண்டு விழ வாய்ப்பு குறைவு என்பது அவருக்குத் தெரியும். குழந்தையின் துணியை எல்லாம் எடுத்துவிட்டு காது, கழுத்து, முதுகு என்று முழுசாகப் பார்ப்பார். எலும்பு எக்ஸ்ரே முழுசாக எடுக்கச் சொல்வார். கேட்டதைக் கேட்டபடி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைப்பார்.

அதே நேரத்தில் அவசரப்படவும் மாட்டார். நம் ஊர்க் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே முதுகிலும் புட்டத்திலும் நீலத் தடம் இருக்கும். அது அடிபட்ட தடம் இல்லை. ரிக்கெட்ஸ், எலும்பு எளிதில் முறியும் பரம்பரை நோய், ரத்தம் உறையாத கோளாறு எல்லாவற்றையும் சோதித்து விலக்க வேண்டும். நிரபராதியான தாயைக் குற்றவாளி ஆக்குவதும் கொடுமைதானே.

சந்தேகம் வலுத்தால் குழந்தையை அட்மிட் செய்வார். சீனியருக்கும், தேவைப்பட்டால் போலீஸுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தகவல் போகும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

யார் செய்தது என்று கண்டுபிடிப்பது டாக்டர் வேலை இல்லை. அது போலீஸும் நீதிமன்றமும் பார்க்க வேண்டியது. இந்தக் கதை இந்தக் காயத்துக்குப் பொருந்துகிறதா என்று கேட்பது மட்டும்தான் அவர் பொறுப்பு. கேட்காமல் கட்டுப் போட்டு அனுப்பினால், குழந்தை அதே வீட்டுக்குத்தான் திரும்பப் போகும். அடுத்த முறை வருவதற்கு அது உயிரோடு இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.