கிரகாம் பெல்லும் மறைந்த குண்டும்

எடின்பரோ நகரில் 1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் பிறந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், செவியின் அருமையை இளமையிலேயே உணர்ந்தவர். அவருடைய அன்னையார் கேட்கும் ஆற்றல் குன்றியவர். பின்னாளில் வாய்த்த மனைவியாரோ முற்றும் செவி கேளாதவர். காது கேளாதோர்க்குப் பேச்சுக் கற்பிக்கும் தொண்டினை மேற்கொண்ட பெல், அமெரிக்காவிற் குடியேறி, 1876ஆம் ஆண்டில் தொலைபேசிக்கு உரிமை பெற்றார். இஃது அனைவரும் அறிந்த செய்தி. அத் தொலைபேசியைத் துணைக்கொண்டு ஓர் உயிரைக் காக்க அவர் பட்ட பாடு பலரும் அறியாதது.

1881ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்டு, வாஷிங்டன் புகைவண்டி நிலையத்திற் சுடப்பட்டார். ஒரு குண்டு கையை உராய்ந்து சென்றது. மற்றொன்று முதுகின் வழியே உட்புகுந்து மறைந்தது. உடலின் உள்ளே காணவல்ல ஊடுகதிரை ராண்ட்ஜன் கண்டறிந்தது 1895ஆம் ஆண்டிலேதான். ஆகவே மருத்துவர்கள் தூய்மை செய்யாத விரல்களையும் கருவிகளையும் புண்ணுள் செலுத்தித் துழாவினர். நோய்க் கிருமிகளைப் பற்றி லிஸ்டர் என்னும் அறிஞர் ஐரோப்பாவில் முன்னரே எச்சரித்திருந்தும், அவர்களுட் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இச்செய்தி பெல்லின் உள்ளத்தை வருத்திற்று. முன்னர்த் தொலைபேசிக் கம்பிகளில் எழும் வேண்டாத ஒலிகளை நீக்க முயன்றபோது, அருகில் உலோகம் வந்தால் கம்பிச் சுருள்களின் சமநிலை கெடுவதை அவர் கண்டிருந்தார். இங்கிலாந்தில் டேவிட் ஹியூசும் இத்தகைய கருவி ஒன்றை 1879ஆம் ஆண்டில் அமைத்திருந்தார். வானியல் அறிஞர் சைமன் நியூகம் என்பாரோடு கலந்து, உதவியாளர் டெயிண்டருடன் பெல் இரவு பகலாக உழைத்தார்.

கருவியின் அமைப்பு எளியதே. மின்கல அடுக்கிலிருந்து வரும் மின்னோட்டம் ஒரு சுருளிற் பாயும். மற்றொரு சுருள் தொலைபேசியோடு இணைந்திருக்கும். ஓட்டம் ஒரே சீராகப் பாய்ந்தால் இரண்டாம் சுருளில் மின்சாரம் தூண்டப்படாது. எனவே, ஓட்டத்தை நொடிதோறும் பலமுறை அறுத்து அறுத்து விடும் அறுப்பான் ஒன்று சேர்க்கப்பட்டது. இரு சுருள்களையும் ஒன்றன்மேல் ஒன்று சிறிது விலக்கி வைத்தால், தூண்டல் ஒன்றையொன்று அழித்துத் தொலைபேசி ஊமையாகிவிடும். உலோகம் அணுகியதும் அவ்வமைதி கலையும். செவியில் ஒலி கேட்கும். இடையில் உள்ள தசையும் குருதியும் அதற்குத் தடையாகா. மூடிய கையிலும் இறைச்சித் துண்டிலும் குண்டை மறைத்துச் சோதித்தனர். உள்நாட்டுப் போரில் பட்ட குண்டுகளை உடலிற் சுமந்தே வாழ்ந்த முதிய வீரர்களிடமும் கருவி பொய்க்கவில்லை.

சூலைத் திங்கள் 26ஆம் நாள் மாலை கருவி வெள்ளை மாளிகைக்குச் சென்றது. தலைமை மருத்துவர் பிளிஸ் சுருளை நோயாளியின் உடல்மீது நகர்த்த, பெல் தொலைபேசியைச் செவியில் வைத்து நின்றார். கேட்டதோ ஓயாத இரைச்சல். உளம் சோர்ந்து திரும்பிய பெல், கருவியைப் பிரித்துப் பார்த்தார். அவசரத்தில் மின்தேக்கி அறுப்பானின் ஒரு பக்கத்தோடு மட்டுமே இணைக்கப்பட்டிருந்தது!

ஆகஸ்டு முதல் நாள் மீண்டும் முயன்றனர். இம்முறை ஒரு மெல்லொலி கேட்டது; ஆனால் ஓரிடத்தில் நில்லாமல் அகன்ற பரப்பெங்கும் கேட்டது. மறுநாள் விசாரித்தபோதுதான், நோயாளியின் குதிரைமயிர் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன மெத்தை ஒன்று கிடப்பது தெரிந்தது. அதைப் போன்றதொரு மெத்தையை வருவித்துப் பெல் சோதித்தார். ஐயம் முழுதும் தீரவில்லை. இதனினும் பெரிய தடை வேறொன்று. குண்டு வலப்புறத்தில்தான் உள்ளது என்று உறுதி கொண்டிருந்த பிளிஸ், அப்பக்கத்தை மட்டுமே தேட இசைந்தார். அறிஞரின் செவி எங்கே கேட்க வேண்டும் என்பதை மருத்துவரின் முடிவு வரையறுத்துவிட்டது.

அதே திங்களில் குறைப்பருவத்திற் பிறந்த பெல்லின் ஆண்மகவு சில மணி நேரமே உயிர்த்திருந்து மறைந்தது. அத் துயரிடையேயும் அவர் கருவியைத் திருத்துவதை விடவில்லை. ஆயினும் புண் சீழ்கொண்டு, கார்பீல்டு செப்டம்பர்த் திங்கள் 19ஆம் நாள் உயிர் நீத்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது, குண்டு முதுகெலும்பின் இடப்புறத்தே, கணையத்தின் பின்னால், ஆழத்திற் கிடந்தது.

பின்னர் நியூயார்க்கு நகரில், குண்டேந்திய பழைய வீரர்மீது மருத்துவர்களின் முன்னிலையில் பெல் கருவியை வைத்துக் காட்டினார்; அது குண்டின் இடத்தைச் சரியாக உணர்த்திற்று. 1882ஆம் ஆண்டில் அறிவியலாளர் பேரவையில் இம்முயற்சிகளை எல்லாம் அவர் விரித்துரைத்தார். தவறாக இணைத்த அந்த மின்தேக்கியின் செய்தியையும் அவ்வுரையில் அவர் மறைக்கவில்லை.