விக்டர் ஹாரா: உள்நாட்டுப் போர் வேண்டாம் என்று பாடக் கிளம்பியவருக்கு நடந்தது என்ன?

1973 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. தென் அமெரிக்க நாடான சிலியின் தலைநகர் சாந்தியாகோ. அங்குள்ள அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு கண்காட்சியின் திறப்பு விழா நடப்பதாக இருந்தது. உள்நாட்டுப் போரும் பாசிசமும் ஒரு நாட்டை என்ன பாடு படுத்தும் என்று மக்களுக்குக் காட்டுவதற்கான கண்காட்சி அது. அதிபர் சால்வதோர் அயெந்தே வந்து பேச வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த விக்டர் ஹாரா பாட வேண்டும்.

விழா நடக்கவில்லை. அன்று காலையிலேயே ராணுவம் கிளம்பிவிட்டது. அதிபர் மாளிகைமீது போர் விமானங்கள் குண்டு வீசின. அயெந்தே உள்ளேயே உயிரிழந்தார். கிளம்பும்போதே நகரத்தில் நிலைமை சரியில்லை என்று ஹாராவுக்குத் தெரியும். ஆனாலும் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதன்பிறகு அவர் வீடு திரும்பவில்லை.

யார் இவர்?

ஆங்கில வாசிப்பில் ‘ஜாரா’ என்று வரும். ஸ்பானிஷ் உச்சரிப்பில் ஹாரா. 1932 செப்டம்பர் 28-ல் பிறந்தவர். அப்பா எழுதப் படிக்கத் தெரியாத பண்ணைத் தொழிலாளி. வீட்டில் வறுமை, அப்பாவின் குடி வேறு. அம்மா அமாந்தாதான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கிட்டார் வாசித்துப் பாடுகிற கிராமத்துப் பாடகி அவர். பாட்டு என்பது மேடையில் கேட்டுக் கைதட்டுவதற்கான சமாச்சாரம் மட்டுமல்ல, ஊர் கூடும் இடத்தில் எல்லோருக்கும் தேவைப்படுகிற ஒன்று என்ற எண்ணம் ஹாராவுக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பதின்வயதிலேயே அம்மாவை இழந்தார். பாதிரியார் ஆகலாம் என்று கிறிஸ்தவ மடத்துப் பள்ளியில் சேர்ந்தார், சுமார் 2 ஆண்டுகளில் வெளியே வந்துவிட்டார். கட்டாய ராணுவப் பணியையும் முடித்தார். பிறகுதான் சிலி பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி. இன்று உலகம் அவரைப் பாடகராக நினைவு வைத்திருக்கிறது. ஆனால் சிலியில் முதலில் பேர் வாங்கியது நாடக இயக்குநராகத்தான். வியட்நாம் போரை எதிர்த்து அமெரிக்காவில் எழுதப்பட்ட ‘வியட் ராக்’ நாடகத்தை 1969-ல் சிலி மேடைக்குக் கொண்டுவந்ததும் அவரே.

கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிய வியோலெத்தா பார்ரா, ஹாராவைப் பாடச் சொல்லி ஊக்குவித்தார். வியோலெத்தாவின் பிள்ளைகள் 1965-ல் சாந்தியாகோவில் ஒரு பழைய வீட்டில் ‘பேன்யா’ ஒன்றைத் தொடங்கினார்கள். பேன்யா என்றால் பெரிய அரங்கம் எல்லாம் கிடையாது. நெருக்கியடித்து உட்காரும் கூடம், கொஞ்சம் ஒயின், நம்ம ஊர் சோமாஸ் மாதிரியான எம்பனாதா, நடுவில் ஒருவர் கிட்டாருடன். ஹாராவின் பாட்டு அங்கிருந்துதான் ஊருக்குப் பரவியது. ‘புதிய சிலிப் பாடல்’ என்ற இயக்கமே இப்படிப்பட்ட கூடங்களில் வளர்ந்ததுதான்.

பாட்டுக்குக் கல்லெறி

1969 மார்ச்சில் தெற்கே புவெர்த்தோ மோந்த் நகரில், இருக்க இடமில்லாமல் காலி நிலத்தில் குடிசை போட்ட ஏழைக் குடும்பங்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஹாரா அதை உடனே பாட்டாக்கினார், பொறுப்பான அமைச்சரின் பெயரையும் சேர்த்து. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் அதைப் பாடியபோது அவர்மீது கல் விழுந்தது.

அதே ஆண்டு நடந்த முதல் ‘புதிய சிலிப் பாடல்’ விழாவில், உழவர்களைக் கைகோக்க அழைக்கும் பாடலுக்காக அவருக்கு முதல் பரிசு. இறுதி நிகழ்ச்சி நடந்த இடம் எஸ்தாதியோ சிலே என்ற உள்விளையாட்டரங்கம். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1970 தேர்தலில் அயெந்தே வென்றார். ஆயுதம் இல்லாமல், ஓட்டுப் பெட்டி வழியாகவே சோஷலிசம் என்பது அவருடைய பாதை. ஹாரா அதன் ஊர் ஊரான பிரசாரகர். 1971-ல் வந்த ‘அமைதியாக வாழும் உரிமை’ பாடல் வியட்நாம் மக்களுக்காக எழுதப்பட்டது. நாட்டுப்புற ஆள் என்று பேரெடுத்தவர் அதில் எலக்ட்ரிக் கிட்டாரைச் சேர்த்துக்கொண்டார். 1972-ல் அவர் செய்தது இன்னும் முக்கியம். சாந்தியாகோவின் ஓரத்தில், காலி நிலத்தைப் பிடித்துக் குடியேறிய மக்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து, அவர்கள் கதையைக் கேட்டு, அவர்கள் குரலையே பதிவு செய்து ஒரு முழு ஆல்பம் ஆக்கினார். அவருடைய மனைவி ஜோன், இங்கிலாந்தில் பிறந்த நடனக் கலைஞர். அவரும் அந்த ஆண்டுகளில் நடனத்தை அரங்குகளிலிருந்து இறக்கி ஏழைக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

ஹாரா காந்தியவாதியா என்றால், இல்லை. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். சே குவேராவை நினைத்துப் பாடியவர். ஆனால் 1973-ல், தெருவில் வன்முறையும் ராணுவப் புரட்சி வதந்தியும் கூடிக்கொண்டே போன மாதங்களில், அவர் எடுத்துக்கொண்ட வேலை சண்டையைத் தடுப்பது. உள்நாட்டுப் போருக்கு எதிராகக் கலைஞர்கள் திரள வேண்டும் என்று கவிஞர் பாப்லோ நெருதா அழைப்பு விடுத்தபோது, ஹாரா அதில் முழு மூச்சாக இறங்கினார். செப்டம்பர் 11 கண்காட்சியும் அந்த முயற்சியின் தொடர்ச்சிதான்.

அரங்கத்தில் நடந்தது

அன்றிரவு மாணவர்களும் ஆசிரியர்களும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தங்கினார்கள். மறுநாள் காலை ராணுவம் உள்ளே புகுந்தது. நூற்றுக்கணக்கானோரைப் பிடித்து எஸ்தாதியோ சிலேவுக்குக் கொண்டுபோனார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவர் பரிசு வாங்கிய அதே அரங்கம், இப்போது ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைத்த சிறை.

அதிகாரிகள் ஹாராவை அடையாளம் கண்டு தனியே பிரித்தார்கள். அடி, உதை, சித்திரவதை. அதற்கு நடுவிலும் கிடைத்த துண்டுக் காகிதத்தில் ஒரு கவிதை எழுதினார். கூட இருந்த கைதிகள் அதை ஒளித்து வெளியே கொண்டுவந்தார்கள்.

செப்டம்பர் 16-ல் அவருடைய உடல் ஒரு கல்லறைத் தோட்டத்தின் அருகே கண்டெடுக்கப்பட்டது. வயது 41 ஆக இன்னும் 12 நாள். பிணவறையில் அடையாளம் கண்ட ஓர் இளம் அரசு ஊழியர், தன் உயிரைப் பணயம் வைத்து ஜோன் வீட்டுக்கு வந்து தகவல் சொன்னார். அன்றே, சத்தமில்லாமல், விரல்விட்டு எண்ணும் ஆட்களோடு அடக்கம் நடந்தது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. ராணுவத்தினர் ஹாராவின் கைகளை வெட்டிவிட்டு கிட்டார் வாசிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை பல வருடங்களாகச் சுற்றுகிறது, இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறது. கைகள் வெட்டப்படவில்லை. 2009-ல் உடலைத் தோண்டியெடுத்துச் செய்த பரிசோதனையில் தெரியவந்தது, உடலெங்கும் எலும்பு முறிவுகளும் 40-க்கு மேற்பட்ட குண்டுக் காயங்களும். உண்மையே இவ்வளவு கொடூரமாக இருக்கும்போது கதையைச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை.

கேஸ் ஏன் இழுத்தது?

ஜோன் மகள்களோடு இங்கிலாந்து போய்விட்டார். ஹாராவின் ஒலிநாடாக்களும் கூடவே போயின. சிலியில் வைத்திருக்கவே பயந்த பாடல்கள் வெளிநாடுகளில் இசைத்தட்டாக வந்தன. 1978-ல் ஜோன் வழக்கு தொடுத்தார். அதே ஆண்டில்தான் பினோசே அரசு, ஆட்சியைப் பிடித்த நாளிலிருந்து நடந்த குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு என்று ஆணை போட்டது. 1990-ல் ஜனநாயகம் திரும்பிய பிறகும் சுட்டது யார் என்று சொல்ல ஆளில்லை. ராணுவம் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குக் கட்டாயப் பணியில் இருந்த சிப்பாய்கள் வயதான காலத்தில் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கிய பிறகே வழக்கு நகர்ந்தது.

பாட்டு மட்டும் காத்திருக்கவில்லை. எஸ்தாதியோ சிலேவுக்கு 2003-ல் ஹாராவின் பெயரையே வைத்தார்கள். 2009 டிசம்பரில் அவரை மறுபடி அடக்கம் செய்தபோது, 1973-ல் வர முடியாதவர்களுக்கும் சேர்த்து ஆயிரக்கணக்கானோர் தெருவில் நடந்தார்கள். 2019 அக்டோபரில் மெட்ரோ ரயில் கட்டணம் 30 பெசோ ஏறியதில் வெடித்த போராட்டத்தில், ஊரடங்கு போட்ட இரவில் ஒரு பாடகி தன் வீட்டு ஜன்னலில் நின்று ‘அமைதியாக வாழும் உரிமை’யைப் பாடினார். சில நாட்களில் கிட்டாரோடு கூட்டமாக வந்து தெருவிலேயே அதைப் பாடினார்கள். அவர்களில் பலர் ஹாரா இறந்து ரொம்ப காலம் கழித்துப் பிறந்தவர்கள்.

2016-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு ஜூரி, அங்கே குடியேறியிருந்த முன்னாள் லெப்டினன்ட் பெத்ரோ பார்ரியெந்தோஸ் இந்தக் கொலைக்குப் பொறுப்பாளி என்று சொல்லி, 2.8 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. அது சிவில் வழக்கு என்பதால் சிறைத் தண்டனை கிடையாது. சிலியில் 2018-ல் முன்னாள் ராணுவ அதிகாரிகளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆகஸ்ட் ஆனது. தண்டிக்கப்பட்டவர்களில் 86 வயதான ஒருவர், போலீஸ் வீட்டுக்கு வந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதே ஆண்டு நவம்பர் 12-ல் ஜோன் 96 வயதில் காலமானார். அமெரிக்கக் குடியுரிமை பறிக்கப்பட்ட பார்ரியெந்தோஸை ஏற்றிவந்த விமானம் சாந்தியாகோவில் தரையிறங்கியது டிசம்பர் 1-ல், 19 நாள் கழித்து.