முழங்கால் உடைந்த ஆட்டக்காரர்



1944 ஜூன் 6 அன்று பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் ஒன்றரை லட்சம் வீரர்களை இறக்கிய தளபதி, பிறகு எட்டு வருஷம் அமெரிக்க ஜனாதிபதி... ஐசன்ஹோவர் என்றதும் நமக்கு இதுதான் நினைவுக்கு வரும். பதவியில் இருக்கும்போதே இந்தியா வந்த முதல் அமெரிக்க ஜனாதிபதியும் அவர்தான், 1959 டிசம்பரில். அதே மனுஷர் இருபது வயதில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் நம்புவீர்களா? மெக்கானிக்கல் பிரிவுத் தோழர்கள் தாராளமாகக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!

ட்வைட் டேவிட் ஐசன்ஹோவர் 1890 அக்டோபர் 14ல் டெக்சாஸ் மாநிலத்து டெனிசனில் பிறந்தவர். வளர்ந்ததெல்லாம் கான்சஸ் மாநிலத்தில் ஆபிலீன் என்ற சின்ன ஊர். அப்பா அங்கே பெல் ஸ்பிரிங்ஸ் கிரீமரியில் மெக்கானிக். அம்மா ஐடா, யுத்தமே பாவம் என்று நம்பிய பக்தை. வீடு நிறையப் பையன்கள், கையில் காசு கம்மி. அந்த வீட்டிலிருந்து ராணுவ அதிகாரி வருவான் என்று யாரும் ஜோசியம் சொல்லியிருக்க முடியாது.

அவரை இழுத்துப்போனது ஃபுட்பால். நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரே வருபவனை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். பள்ளிக்கூடம் விளையாட்டுக்குப் பணம் தரவில்லை. பையன்களே சேர்ந்து சங்கம் ஆரம்பித்தார்கள், சந்தா வசூலித்தார்கள். ஐசன்ஹோவர் அதற்குத் தலைவர். (நம் யூனியன் பொருளாளர் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்!)

அதே ஊரில் பாப் டேவிஸ் என்று ஒருவர் இருந்தார். ஆற்றில் மீன் பிடிப்பதும் வேட்டையும்தான் பிழைப்பு, எழுதப் படிக்கத் தெரியாது. பையனுக்குத் துடுப்பு போடவும் வலை வீசவும் கற்றுக்கொடுத்தவர், கூடவே சீட்டாட்டமும் சொல்லிக்கொடுத்தார். எந்தச் சீட்டு வர எத்தனை சதவீத வாய்ப்பு என்று மனக்கணக்காகவே கேட்பாராம். நாம் புரோபபிலிட்டி என்று புத்தகத்தில் உருப்போடுவதை அவர் ஆற்றங்கரையில் வைத்தே நடத்திவிட்டார்!

1909ல் பள்ளி முடிந்தது. அண்ணன் எட்கரும் இவரும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். முதலில் அண்ணன் காலேஜ் போகட்டும், தம்பி வேலை பார்த்துப் பணம் அனுப்பட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. அப்பா வேலை பார்த்த அதே கிரீமரியில் தம்பி சேர்ந்தார். 300 பவுண்டு ஐஸ் கட்டிகளை இழுத்துப் போடுவது, பாய்லருக்குக் கரி தள்ளுவது, பிறகு ராத்திரி பொறுப்பாளர். சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை, வாரம் ஏழு நாளும்.

அப்போது வந்து சேர்ந்தவர் நண்பர் எவரெட் ஹேஸ்லெட். கடற்படை அகாடமி நுழைவுத் தேர்வில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, மறுபடி எழுதத் தயாராகிக்கொண்டிருந்தார். நீயும் வா, படிப்பு இலவசம், ஃபுட்பாலும் உண்டு என்றார். உண்மையைச் சொன்னால், தேசபக்தியால் அல்ல, இந்த இரண்டு காரணத்துக்காகத்தான் ஐசன்ஹோவர் சம்மதித்தார். பகலில் இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். 1910ல் எட்டுப் பேர் எழுதிய தேர்வில் இவர் இரண்டாவது. ஆனால் கடற்படை அகாடமிக்கு வயது தாண்டிவிட்டது! தரைப்படை அகாடமியான வெஸ்ட் பாயின்ட்டில் இடம் கிடைத்தது. 1911 ஜூனில் சேர்ந்தார். மகன் ரயிலேறியபின் அம்மா அழுதாராம்.

1912 நவம்பரில் கார்லைல் அணியோடு ஆட்டம். எதிர்ப்பக்கம் அந்த வருஷம்தான் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய ஜிம் தோர்ப். 27-6 என்று தோற்றார்கள். அடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரியுடன் ஆடும்போது ஐசன்ஹோவரின் முழங்கால் போனது. கொஞ்சம் தேறியதும் குதிரைப் பயிற்சியில் குதித்து இறங்கி, மிச்சத்தையும் கெடுத்துக்கொண்டார். இனி ஃபுட்பாலே கூடாது என்று டாக்டர்கள் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

எதற்காக வந்தோமோ அதுவே இல்லை என்றானபின் அங்கே என்ன வேலை? படிப்பில் ஆர்வம் போயிற்று. போய்விடலாம் என்று பலமுறை நினைத்தார். அறை நண்பர்கள்தான் பிடித்து நிறுத்தினார்கள். மைதானத்து ஓரத்தில் நின்று கூட்டத்தை உற்சாகப்படுத்தினார், ஜூனியர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார்.

ஃபுட்பால் ஆடியவர்கள் தலைமைப் பொறுப்பில் நன்றாகத் தேறினார்கள் என்று வயதான காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். ஆடியபோது அவர் பார்த்தது தன் எதிரில் நிற்பவனை மட்டும். ஓரத்தில் நின்றபிறகுதான் பதினொரு பேரையும் பார்த்தார்... யார் எங்கே சோர்கிறான், யாரை யாரோடு சேர்த்தால் வேலை ஆகும் என்று. பல நாட்டுத் தளபதிகளைக் கட்டி மேய்த்த பிற்கால ஐசன்ஹோவர் அந்த ஓரத்தில்தான் பிறந்தார் என்பது என் கட்சி.

1915ல் பாஸ் செய்தபோது 164 பேரில் 61வது ரேங்க். முழங்காலைக் காட்டி அதிகாரிப் பதவியே தர யோசித்தார்கள். பரவாயில்லை, அர்ஜென்டினா போய்ப் பார்க்கிறேன் என்றார் மனுஷர்! குதிரைப்படை கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடு, கடைசியில் காலாட்படையில் சேர்த்தார்கள்.

அப்புறம் வருஷக்கணக்காக, எந்த முகாமுக்குப் போனாலும் ஃபுட்பால் கோச் வேலை தேடி வந்தது. முதல் உலகப்போரில் பிரான்ஸ் போகவே வாய்ப்பில்லை. உள்நாட்டில் டாங்கிப் படைக்குப் பயிற்சி கொடுத்ததோடு சரி. 1921 ஜனவரியில் மூன்று வயது மூத்த மகன் விஷக் காய்ச்சலில் இறந்தான். அந்த நிலையில்தான் 1922ல் பனாமாவுக்கு, ஜெனரல் ஃபாக்ஸ் கானரிடம் போய்ச் சேர்ந்தார்.

ராணுவ வரலாறு என்றாலே அவருக்குக் கசப்பு. அகாடமியில் பேரும் தேதியுமாக மனப்பாடம் செய்யவைத்திருந்தார்கள். (நமக்குத் தெரியாத அவஸ்தையா?) கானர் முதலில் வெறும் சரித்திர நாவல்கள் கொடுத்தார். பிடித்ததா என்று கேட்டு, அந்தக் காலத்தில் நிஜமாக நடந்த யுத்தம் பற்றிய புத்தகத்தை அடுத்துக் கொடுத்தார். பிறகு கேள்விகள்: அந்தத் தளபதி ஏன் அப்படிச் செய்தார்? நீயாக இருந்தால்? காட்டு வழியில் குதிரைமேல், ராத்திரி நெருப்பருகே, மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இந்தப் பாடம் நடந்தது. முகாமின் அன்றாட வேலைக்குக்கூடப் போர்க்கள உத்தரவு மாதிரியே தினமும் எழுதச் சொன்னார். இன்னொரு உலகப்போர் வரும், பல நாடுகள் ஒரே தலைமையில் சேர்ந்து போரிட வேண்டியிருக்கும் என்று அப்போதே சொன்னவர் கானர். மேலதிகாரிகள் தரமறுத்த லெவன்வொர்த் பயிற்சிக் கல்லூரி இடத்தையும், வேறு பிரிவுக்கு மாற்றி, சுற்றுவழியில் வாங்கிக்கொடுத்தார். 1926ல் அங்கே 245 பேரில் ஐசன்ஹோவர் முதலிடம்!

பிறகு நடந்ததை உலகம் அறியும். 1944 ஜூனில் மழையும் காற்றும் மிரட்டியபோது, ஒருநாள் தள்ளிப்போட்டு, பிறகு போகலாம் என்று முடிவு சொன்னவர் அவர். தோற்றால் பழி முழுக்கத் தன்னுடையதே என்று ஒரு காகிதத்தில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டார். அது தேவைப்படவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1942 ஜூலையில், ஐரோப்பாவில் அமெரிக்கப் படைகளின் பொறுப்பை ஏற்று லண்டனில் இறங்கிய புதிதில், ஓய்வுபெற்று ஊரில் இருந்த கானருக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்போல உட்கார்ந்து உங்களோடு கொஞ்ச நேரம் பேசக் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று.