காகிதத் தோட்டாவுக்கு விடை கொடுத்த எட்வர்ட் பாக்ஸர்: வெற்றியும் சறுக்கலும்

பற்களால் கடித்துக் கிழிக்க வேண்டிய என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டா, 1857 ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கிளர்ச்சிக்குப் பொறியாக அமைந்தது. அதில் பசு, பன்றிக் கொழுப்பு தடவப்பட்டிருப்பதாகப் பரவிய செய்தி சிப்பாய்களைக் கொதிப்படையச் செய்தது. அடுத்த 10 ஆண்டுகளுக்குள் அதே துப்பாக்கிக்கு உலோகத் தோட்டாவை உருவாக்கியவர் எட்வர்ட் மௌனியர் பாக்ஸர்.

1822 ஆம் ஆண்டு பிறந்த பாக்ஸர், பிரிட்டன் பீரங்கிப் படையின் அதிகாரி. 1855 இல் லண்டனை அடுத்த ஊல்விச் படைக்கலச் சாலையின் ராயல் ஆய்வகத்துக்குக் கண்காணிப்பாளரானார். கரையோரம் சிக்கிய கப்பல்களுக்குக் கயிறு வீசும் இரண்டடுக்கு மீட்பு ராக்கெட்டும் அவரது படைப்பே.

உறையின் பணி

என்ஃபீல்டு துப்பாக்கியைப் பின்புறமாகத் தோட்டா இடும் ஸ்னைடர் துப்பாக்கியாக மாற்ற 1860களில் பிரிட்டன் முடிவு செய்தது. ஆனால், பின்புறத்தைத் திறந்து மூடும் அமைப்பில் வெடிப்பின் வாயு கசிந்தால் சுடுபவரின் முகமே ஆபத்துக்குள்ளாகும். இதற்குத் தீர்வாக 1866 இல் பாக்ஸரின் தோட்டா வந்தது. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் உலோகத் தட்டைப் பொருத்தி அவர் உறையை அமைத்தார். வெடிக்கும்போது எழும் அழுத்தத்தில் உறை விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கும். அழுத்தம் தணிந்ததும் அது சற்றே சுருங்கினால்தான் வெளியே எடுக்க முடியும்.

அடுத்து வந்த மார்ட்டினி–ஹென்றி துப்பாக்கிக்குத் தேவையான வெடிமருந்தை ஒல்லியான நேர் உறையில் இட்டால், தோட்டா அளவுக்கு மீறி நீண்டது. எனவே உடல் அகன்று, கழுத்து குறுகிய புட்டி வடிவ உறை கொண்டுவரப்பட்டது. அதே அளவு மருந்து குட்டையான தோட்டாவில் அடங்கியது.

பாலைவனத்தில் வெளிப்பட்ட குறை

சுருட்டிய தகடே அந்த உறையின் பலவீனமும் ஆனது. தொடர்ந்து சுடும்போது சூடேறி, மருந்துக் கரி படிந்த அறையில் மெல்லிய உறை ஒட்டிக்கொண்டது. அதை இழுக்கும் கொக்கி அடித்தட்டை மட்டும் பிய்த்தெடுக்க, எஞ்சிய பகுதி உள்ளேயே சிக்கியது. 1885 ஜனவரி 17 அன்று சூடானின் அபு கிளியா போரில் பிரிட்டன் வீரர்களின் துப்பாக்கிகள் எதிரி நெருங்கிய வேளையில் சிக்கி நின்றன. மணலும் வெப்பமும் சேர்ந்த அந்தக் களத்தில் உறையின் குறை உயிர்களோடு விளையாடியது. ஒரே துண்டுப் பித்தளையை இழுத்து உருவாக்கிய உறுதியான உறைகள் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தன.

அதற்கு முன்பே, காப்புரிமைகள் தொடர்பான சர்ச்சைக்கிடையே பாக்ஸர் ஊல்விச் பதவியை விட்டு விலகியிருந்தார். 1898 இல் அவர் காலமானார்.

நிலைத்த பெயர்

சுருட்டிய உறை மறைந்தாலும், அதன் அடியில் அவர் பொருத்திய எரியூட்டும் மூடியான பிரைமர் நிலைத்தது. அடிக்கும் ஊசியின் விசையைத் தாங்கும் சிறு பட்டடை அந்த மூடிக்குள்ளேயே உள்ளது; உறையின் அடியில் நடுவே ஒரே துளை. அத்துளை வழியே பழைய மூடியைத் தள்ளிவிட்டு உறையை மீண்டும் பயன்படுத்தலாம். இந்த பிரிட்டன்காரரின் மூடி அமெரிக்காவில் பரவியது. அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் மூடியோ ஐரோப்பியப் படைகளில் வேரூன்றியது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுத் தோட்டாக்களில் பாக்ஸரின் பெயர் இன்றும் வழங்கி வருகிறது.