சேர் ஜோன் கார்டன் (1892 – 1935)

மாணவர்களே! 1916ஆம் ஆண்டு சொம் போர்க்களத்தில் தாங்கிகள் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அவை ஏறத்தாழ 28 தொன் நிறை கொண்டவை. மனிதன் நடக்கும் வேகத்திலேயே நகர்ந்தன. இருபது ஆண்டுகளின் பின் பிரித்தானியாவிடம் இருந்த இலகு தாங்கியோ ஏறத்தாழ 5 தொன் நிறையுடன் மணிக்கு 56 கிலோமீற்றர் வரை ஓடியது. இம்மாற்றத்திற்குப் பெரும் பங்களிப்புச் செய்தவரே ஜோன் கார்டன்.

இளமைக்காலம்

கார்டன் 1892ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். குடும்பத்தின் பரம்பரைப் பட்டத்தினாலேயே அவர் பின்னர் ‘சேர்’ என அழைக்கப்பட்டார். மிக இலேசான சிறிய மோட்டார் வண்டிகளை அமைப்பதே அவரது முதல் தொழில். முதலாம் உலக யுத்தத்தில் இராணுவப் போக்குவரத்துப் பிரிவில் பணியாற்றியபோது, சங்கிலிப் பட்டியில் ஓடும் உழவு இயந்திரங்களைப் பற்றி அறிந்துகொண்டார். இவ்விரு அனுபவங்களும் பின்னர் ஒன்றிணைந்தன.

சிறு தாங்கிகள்

யுத்தத்தின் பின் பிரித்தானியா கடன்சுமையில் இருந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பெரும் யுத்தம் எதுவும் வராது என்ற எடுகோளிலேயே 1919ஆம் ஆண்டு முதல் பாதுகாப்புச் செலவு திட்டமிடப்பட்டது. இக்கொள்கை 1932இல் கைவிடப்பட்டது. பணமில்லாத இராணுவத்திற்கு மலிவான வாகனமே தேவை என்பதை நீங்கள் ஊகிக்கலாம்.

கார்டன், விவியன் லொயிட் என்பவருடன் சேர்ந்து சேர்ட்சி என்னுமிடத்தில் இத்தகைய வாகனங்களை உருவாக்கினார். அவர்களது ஆறாவது மாதிரி ஏறத்தாழ 1.5 தொன் நிறையுடையது; இரண்டு பேர் செல்லக்கூடியது; ஓர் இயந்திரத் துப்பாக்கி கொண்டது. பல நாடுகள் இதனை வாங்கின. போலந்து, இத்தாலி, சோவியத் ஒன்றியம் என்பன இதனைப் பின்பற்றித் தமது சிறு தாங்கிகளை அமைத்தன.

இலகு தாங்கிகள்

1928ஆம் ஆண்டு விக்கர்ஸ் நிறுவனம் இவர்களது நிறுவனத்தை வாங்கியது. அங்கு கார்டன் தாங்கி வடிவமைப்பில் முதன்மை இடம் பெற்றார். சிறு தாங்கிக்குச் சுழலும் கோபுரம் சேர்க்கப்பட்டு, 1929 முதல் இலகு தாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஐந்தாம் மாதிரியில் பணியாளர் தொகை இரண்டிலிருந்து மூன்றாகியது. 1936இல் வந்த ஆறாம் மாதிரியின் கவசத் தகடு மிகத் தடித்த இடத்திலும் 14 மில்லிமீற்றர் மாத்திரமே.

தடித்த கவசமும் மலிவும்

1935இல் காலாட்படைக்கு ஒரு தாங்கி அமைக்குமாறு கார்டனிடம் கேட்கப்பட்டது. விலையோ ஏறத்தாழ 6,000 பவுணுக்குள் அமையவேண்டும். இம்முறை அவர் வேகத்தைக் குறைத்துக் கவசத்தை 60 மில்லிமீற்றராக்கினார். இதுவே முதலாம் மற்றில்டா தாங்கியாகும். மணிக்கு 13 கிலோமீற்றர் வேகமும் ஓர் இயந்திரத் துப்பாக்கியுமே அதற்கு இருந்தன. விலை, வேகம், கவசம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெறமுடியாது என்பதை இங்கு கவனியுங்கள்.

மறைவும் பின்விளைவும்

1935ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி, பிரசல்சிலிருந்து இங்கிலாந்து திரும்பிய பயணிகள் விமானம் டற்ஸ்பீல்ட் அருகே வீழ்ந்தது. அதில் கார்டன் உட்பட 11 பேரும் இறந்தனர். அப்போது அவருக்கு வயது 43.

1940இல் பிரான்சுக்குச் சென்ற பிரித்தானியத் தாங்கிகளுள் பெரும்பாலானவை இலகு தாங்கிகளே. ஜேர்மனியரின் 37 மில்லிமீற்றர் பீரங்கிகள் அவற்றை எளிதில் துளைத்தன. ஆனால் மே 21இல் அராஸ் நகரருகே மற்றில்டாக்களின் கவசத்தை அதே பீரங்கிகளால் துளைக்க முடியவில்லை. இரண்டும் ஒரே வடிவமைப்பாளரின் பரம்பரையில் வந்தவையே. எனவே இலகு தாங்கிகளின் தோல்வியை அவர்மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது. வேவு பார்க்கவும் பயிற்சிக்கும் ஏற்ற மலிவான வாகனத்தைக் கொண்டு பெரும் யுத்தத்தை எதிர்கொள்ள நேர்ந்தமையே காரணமாகும். சேமித்த பணத்தின் விலையை அவற்றினுள் இருந்த வீரர்களே செலுத்தினர்.

வினாக்கள்

1. 1919 – 1932 காலப் பாதுகாப்புக் கொள்கை தாங்கி வடிவமைப்பை எவ்வாறு பாதித்தது?
2. ஆறாம் மாதிரி இலகு தாங்கியையும் முதலாம் மற்றில்டாவையும் வேகம், கவசம் என்பவற்றின் அடிப்படையில் ஒப்பிடுக.
3. 1940இல் இலகு தாங்கிகள் தோல்வியுற்றமைக்கு யார் பொறுப்பு? காரணங்காட்டி உமது கருத்தை எழுதுக.