குணங்குடி மஸ்தான் சாகிபு

நம்மில் பலருடைய பாட்டனார்கள் கப்பலேறி மலாயா வந்தது இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்துதான். அந்தக் கரையில், தொண்டிக்கு அருகே, குணங்குடி என்றொரு சிற்றூர். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பிறந்த சுல்தான் அப்துல் காதிர் அவர்களையே தமிழுலகம் குணங்குடி மஸ்தான் சாகிபு என்று அறியும்.

கீழக்கரையில் தைக்கா சாகிபு அவர்களிடம் மார்க்கக் கல்வி பயின்றார்கள். பெரியவர்கள் மாமன் மகளை மணமுடிக்க ஏற்பாடு செய்ய, மகானோ இல்லறம் வேண்டாமென வீட்டை விட்டே புறப்பட்டுவிட்டார்கள். (நம் பிள்ளை இப்படிச் செய்தால் நாம் என்ன பாடு படுவோம்!) திரிசிரபுரத்தில் மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் காதிரிய்யா தரீக்காவில் பைஅத் பெற்றார்கள். பின் சிக்கந்தர் மலையில் 40 நாள் தனித்திருந்து தவம். அதன்பின் காடும் மலையும். இறைக்காதலில் தம்மை மறந்து திரிந்தவரை மக்கள் மஸ்தான் என்றழைத்தனர். முடிவில் வடசென்னை இராயபுரத்துப் புதர்க்காட்டில் வந்து தங்கினார்கள். தொண்டியார் இருந்த பேட்டையே தண்டையார்பேட்டை ஆயிற்று என்பாரும் உண்டு.

மகான் விட்டுச் சென்ற சொத்து பாட்டுத்தான். கண்ணி என்பது இரண்டே அடி. எழுத்தறியாதவரும் இரண்டு முறை கேட்டால் பாடிவிடலாம். தாயுமானவர் பராபரக் கண்ணி பாடியதுபோல் இவர்களும் பாடினார்கள். பாரசீகத்துச் சூபிகள் லைலாவின் பெயரால் இறைக்காதலைப் பாடிய முறை நாம் அறிந்ததே. மகான் அதைத் தமிழில் பாடும்போது, நம் சித்தர்கள் வழங்கிய மனோன்மணி என்ற பெயரை வைத்தார்கள்.

வழக்கு இங்கேதான். இந்தப் பெயர் நமக்கு ஆகுமா, மீலாது மேடையில் இதைப் பாடலாமா என்று நம் இளைஞர் சிலர் கேட்கிறார்கள். கேட்பது தவறன்று. ஆனால் முகியித்தீன் சதகம் பாடியதும் அதே நாவல்லவா? உவமையை உவமையாகவே கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. தமிழர் பழகிய சொல்லில் பாடியதனாலன்றோ ஐயாசாமி முதலியார் சீடரானார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் மகான்மீது நான்மணிமாலை பாடினார்! லைலா என்றே பாடியிருந்தால் அவர்கள் காதில் ஏறியிருக்குமா?

1838-ல் மகான் மறைந்தார்கள். இராயபுரத்திலேயே அடக்கம்.

கெர்லிங்கில் இக்கண்ணிகளை மெட்டோடு பாடத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பெரியவர்களே. புத்தகத்தில் எழுத்து இருக்கிறது, மெட்டு இல்லை. அவர்களில் ஒருவர், கடையடைத்த பின் யார் வந்தாலும் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை வந்தவர் ஒரு பையன்தான்.