கழற்றிப் பார்த்துக் கற்றவர் – ஜி.டி. நாயுடு

விஞ்ஞானி என்றாலே எடிசன், ஜேம்ஸ் வாட் என்று வெளிநாட்டுக்காரர் பேரைத்தான் சொல்றோம். நம்ம தமிழ்நாட்டிலேயே ஒருத்தர் இருந்தார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிறப்பும் இளமையும்

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற சிற்றூரில் 1893 மார்ச் 23 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்று போனது.

ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுகிறதே என்று அசந்து போனார். அதே மாதிரி வண்டி வாங்கியே தீர வேண்டும் என்று கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து வண்டியையும் வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை. வண்டியை ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். எது எதோடு சேர்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பவும் மாட்டினார். அதுதான் அவருடைய பள்ளிக்கூடம். நம்ம கடற்கரையில் வள்ளத்து இன்ஜினைக் கழட்டித் துணி மேல பரப்பி வச்சு, ஒரு நட்டுகூட மிஞ்சாமல் மாட்டுகிற மெக்கானிக் அண்ணன்மாரைப் பார்த்திருப்பீர்கள். அந்த வித்தையை அவர் தனியாகவே கற்றுக்கொண்டார்.

பஸ்ஸும் மோட்டாரும்

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். ஒரு பஸ் பல பஸ்ஸாகி, யூ.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

1937-ல் பாலசுந்தரம் நாயுடு என்பவரோடு சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பிற்காலத்தில் மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் கோவை பேர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கைக்குள் அடங்கிய மோட்டார்

எனக்கு மிகவும் பிடித்தது அவர் செய்த ரசன்ட் என்னும் சவரக் கருவிதான். காந்தத்துக்கு நடுவில் கம்பிச்சுருள் இருக்கும். அதில் மின்சாரம் பாய்ந்தால் காந்தம் அதைத் தள்ளும், சுருள் சுற்றும். மின்மோட்டார் என்றால் இவ்வளவுதான். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் பெரிய மோட்டாருக்கும் இதே விதிதான். அதை ஒரு கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக்கி, டார்ச் லைட்டில் போடுகிற மாதிரி பேட்டரியிலேயே ஓட வைத்தார். பெரிசாகச் செய்வதைவிடச் சின்னதாகச் செய்வதுதான் கஷ்டம். அளவு கொஞ்சம் பிசகினாலும் சுற்றாது.

மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று இன்னும் பல செய்தார். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். 1952-ல் இரண்டு பேர் போகும் சின்னக் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். ஆனால் அரசு லைசென்ஸ் தரவில்லை. அந்தக் கார் தெருவுக்கு வராமலே போய்விட்டது. எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்! ஆனாலும் அவர் சோர்ந்து உட்காரவில்லை. பருத்தி, பப்பாளி என்று பயிர்களில் ஆராய்ச்சி செய்தார். 1967-ல் காலையில் கடைக்கால் போட்டு, சாயங்காலத்துக்குள் 11 மணி நேரத்தில் ஒரு வீட்டையே கட்டி முடித்தார். 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

நாம் கற்க வேண்டியது

அவரே படிக்கலையே, நாம மட்டும் ஏன் படிக்கணும்னு சில பேர் கேட்கலாம். பள்ளிக்கூடத்தை விட்டுட்டுக் கடலுக்குப் போகிற யோசனையில் இருக்கிற அண்ணன்மார் இதைக் கவனமா வாசிங்க. அவர் விட்டது பள்ளிக்கூடத்தைத்தான், படிப்பை இல்லை. கடைசிவரை புத்தகம் படித்தார். 1945-ல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க நன்கொடை கொடுத்தவரே அவர்தான். அதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பாடம் நடத்தினால் மட்டும் போதாது, பிள்ளைகள் கையால் செய்து பழக வேண்டும் என்பதே அவர் ஆசை.

2025-ல் கோவை அவிநாசி சாலையில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். நாம பாலம் கட்ட வேண்டாம். வீட்டில் தம்பி உடைத்துப் போட்ட பொம்மைக் கார் இருந்தால் குப்பையில் போடாதீங்க. ஸ்குரூவைக் கழட்டிப் பாருங்க. உள்ளே அதே காந்தம், அதே கம்பிச்சுருள் இருக்கும். இரண்டு ஒயரைப் பேட்டரியில் வச்சா சுற்றும். இதுல ஆம்பளப் பிள்ளை, பொம்பளப் பிள்ளை என்ற பேச்சே கிடையாது. ஸ்குரூ டிரைவருக்கு யார் கை என்று தெரியாது.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, உவரி